மறுபடி வருகிறவர்கள்

"நேத்து எத்தனை வண்டி மாமா?"

மாமனார் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தார், பதில் அதன் வழியாகத்தான் வர வேண்டும் என்பதுபோல.

"ஒண்ணு வந்துச்சு மாப்பிள்ளை."

"கழுவவா?"

"வழி கேக்க."

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த 'நுரை'யும் மரியாதைக்கு ஒரு பெருமூச்சு விட்டான். அந்த வாட்டர் சர்வீஸ் கடைக்கு மாமனார்தான் முதலாளி. நுரைதான் தொழிலாளர் வர்க்கம் முழுவதும். காருக்கு ஷாம்பு போட ஆரம்பித்தால் கார் எது, ஆள் எது என்று தெரியாமல் நுரைக்குள் மறைந்துவிடுவான். அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும்.

"ஒரு தடவை வந்தவன் மறுபடி வரணும் மாமா. அதுதான் வியாபாரம். புது ஆளைப் பிடிக்கறது பெரிசில்ல. பழைய ஆளைத் திரும்ப வரவைக்கறதுலதான் சூட்சுமம் இருக்கு."

"சரிங்க மாப்பிள்ளை."

"எங்கிட்ட விடுங்க. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளையின் கார் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து நுரை வாயைத் திறந்தான்.

"முதலாளி, உங்க மாப்பிள்ளைக்கு எங்க வேலை?"

"மெத்தைக் கம்பெனியில. விளம்பரமெல்லாம் அவர்தான்."

"மெத்தை வாங்கினவன் மறுபடி எப்ப வருவான்?"

"அது... பத்து வருஷம் ஆகும்."

"அப்ப இவருக்கு எப்படி..."

"டேய். மாப்பிள்ளை."

அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் யோசனையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தலையில் கல்லைப் போட்டாலும் 'பாத்து மாப்பிள்ளை, கை வலிக்கப் போகுது' என்றுதான் சொல்ல வேண்டும்.

மகள் கெடு வைத்திருந்தாள். "இந்த மாசம் முடியட்டும்பா. வண்டி வரலேன்னா கடையைப் பூட்டிட்டு எங்களோட வந்துடுங்க. அம்மாவும் இல்ல. தனியா கெடந்து யாருக்காக இந்தப் பாடு?"

மனைவி போய்ச் சேர்ந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு காய்ச்சல், ஓர் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு அவர் கடையைத் திறந்தார். அன்றிலிருந்தே வண்டிகள் குறைய ஆரம்பித்தன. 'வீட்டு மகாலட்சுமி போனா வியாபாரமும் கூடவே போயிடும்' என்று பக்கத்து டயர் கடைக்காரர் சொன்னபோது அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவளுக்கும் கடைக்கும் என்னய்யா சம்பந்தம்? திறந்த அன்னிக்கு வந்தா. அதுக்கப்புறம் இந்த வாசலை மிதிச்சதில்ல. இன்னிக்கு எத்தனை வண்டின்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல!"

உள்ளே எத்தனையோ வருஷமாக இருந்த மனத்தாங்கல் அது. செத்தவளைப் பற்றிக் குறை சொல்லிவிட்டோமே என்று அப்புறம் அவரே போய் அந்த டயர் கடைக்காரருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார்.

கடையைப் பூட்டுவதில் அவருக்கு நஷ்டத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பகல். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகிற நேரம் தவிர, முப்பது வருஷமாகப் பகலில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. போன மாதம் கால் சுளுக்கி ஒரு நாள் இருந்து பார்த்தார். பதினோரு மணிக்கு வீட்டுக்குள் வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியது. அப்புறம் அதுவும் நின்றது. "காலைத் தூக்குங்க, பெருக்கணும்" என்று சொல்ல ஆளில்லாமல் இரண்டு காலும் தரையிலேயே கிடந்தன. மறுநாள் நொண்டிக்கொண்டே கடைக்கு வந்துவிட்டார். மகள் வீட்டுக்குப் போனாலும் பகல் பகல்தானே? அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

அதனால் வண்டிகள் வந்தாக வேண்டும்.

முதலில் வந்தது அட்டை. ஐந்து முறை கழுவினால் ஆறாவது முறை இலவசம். மாப்பிள்ளை வழவழவென்று அச்சடித்துக் கொண்டுவந்தார். முதலாளி அவற்றை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். எதிர்ப் பக்கத்துப் பெரிய அலுவலகக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள்தான் முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கூட வந்துகொண்டிருந்தவர்கள். அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கும் பல் டாக்டர் காரை அவர் கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

"என்ன டாக்டர், இந்தப் பக்கமே வர்றதில்ல? எங்க மேல ஏதாவது கோவமா?"

"சேச்சே! கார் அழுக்கானாத்தானே வர? அழுக்காகவே மாட்டேங்குதே! கடைசியா ஒரு பாலிஷ் போட்டீங்க பாருங்க, அபாரம்! எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

டாக்டர் அட்டையை வாங்கிக்கொண்டு, "ரெண்டு முத்திரை இப்பவே குத்திடுங்களேன், அழுக்கானதும் வந்துடறேன்" என்றார். இவரும் குத்திக் கொடுத்தார்.

கடைக்குத் திரும்பியவர் பாலிஷ் டப்பாவை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நுரை, நாமளே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம்டா. ரொம்ப நல்லாக் கழுவிட்டோம்."

"ஆமா முதலாளி, நானும் கவனிச்சேன். முன்னெல்லாம் கூரையில என்னென்னவோ காய்ஞ்சு கெடக்கும். சுரண்டிச் சுரண்டி நகமே தேஞ்சுது. இப்ப வர்ற ஒண்ணு ரெண்டு வண்டியும் பளிங்கு மாதிரி வருது. கழுவறதுக்கே வெக்கமா இருக்கு."

"அப்ப இனிமே கொஞ்சம் குறைச்சுக் கழுவு."

நுரை எழுந்து நின்றுவிட்டான். "என்ன சொன்னீங்க?"

"அரைகுறையாக் கழுவுன்னேன். பாலிஷ் வேண்டாம். அப்பத்தான் சீக்கிரம் திரும்பி வருவாங்க."

"அதுக்குக் கை வராது முதலாளி. வேணும்னா நீங்க கழுவுங்க."

சரி என்று அவரே கழுவினார். நன்றாகக் கழுவுவது கஷ்டம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். மோசமாகக் கழுவுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கென்று வந்த ஒரே வாடிக்கையாளர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். காரைச் சுற்றி வந்து, "இந்தக் கதவுல கோடு" என்றார். துடைத்தார். "கண்ணாடியில திட்டு." துடைத்தார். "சக்கரத்துல சேறு." உட்கார்ந்து துடைத்தார். ஒரே காரை மூன்று முறை கழுவியாயிற்று.

போகும்போது வாத்தியார் அட்டையை நீட்டினார். "மூணு தடவை கழுவினீங்க. மூணு முத்திரை."

நுரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். முதலாளிக்கும் சிரிப்பு வந்தது. இதை வீட்டில் போய்ச் சொன்னால் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அட்டையெல்லாம் பழைய காலம் மாமா" என்றார், அடித்துக் கொடுத்த மாப்பிள்ளையே. "மனசைத் தொடணும். உங்க போனைக் குடுங்க."

போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் ஒரு செய்தி போனது. *உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. உங்க நினைவாவே இருக்கோம். எப்ப வருவீங்க?*

"கடை பேரு போடலியே மாப்பிள்ளை?"

"பேரு போட்டா விளம்பரம்னு தெரிஞ்சுடும் மாமா. யாரு, யாருன்னு அவங்க மனசு தேடணும்."

தேடியது. மறுநாள் காலையில் ஒரு கார் சீறிக்கொண்டு வந்து நின்றது. நுரை ஆசையாக வாளியைத் தூக்கினான். காரை ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி இறங்கினாள்.

"யாருய்யா இங்க என் புருஷன் நினைவாவே இருக்கறது?"

முதலாளி நுரையைப் பார்த்தார். நுரை கையிலிருந்த ஷாம்புவோடு முன்னால் வந்தான்.

"நான்தாம்மா. சாரைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

அந்த அம்மாள் அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள். தொடைவரை மடித்த கால்சட்டை, காதோரம் நுரை. நம்பலாமா வேண்டாமா என்று அவள் முகம் படாத பாடு பட்டது.

"சத்தியமா கார் கழுவற கடைதான் மகாலட்சுமி!" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "ராத்திரி பூரா சொன்னேனே!"

"அப்ப ஏன் 'எப்ப வருவீங்க'ன்னு கொஞ்சணும்? 'கார் கழுவ வாங்க'ன்னு சொல்லத் தெரியாதா? நல்ல குடும்பஸ்தன் எவனாவது இனிமே இந்தப் பக்கம் வருவானா?"

வரவில்லை. வேறு சிலர் தொலைபேசியில் திட்டினார்கள். ஒருவர் மட்டும் திட்டாமல், "நான் காரை வித்து ரெண்டு வருஷமாச்சுங்க. இருந்தாலும் நினைவு வச்சிருக்கீங்களே" என்று தழுதழுத்தார். அவரைத் தேற்றி வைக்கவே அரை மணி நேரம் ஆனது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முதலாளி வீட்டுக்கு வந்தார். மகள் காலையில் கொடுத்தனுப்பியது மூடி வைத்தபடி இருந்தது. சமையலறை அலமாரியில் மனைவியின் போன். தினமும் அதற்கு மின்சாரம் ஏற்றி வைப்பார். யாரும் கூப்பிடப் போவதில்லைதான்; ஆனாலும் அணைந்துபோக விட மனசு வரவில்லை. அதன் மூலையில் பச்சையாக ஒரு புள்ளி மின்னிக்கொண்டிருந்தது.

யார் என்று பதறி எடுத்தார்.

*உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. உங்க நினைவாவே இருக்கோம். எப்ப வருவீங்க?*

அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கடை' என்று இருந்தது. தன் எண்ணை அவள் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. புருஷன் பெயர் இல்லை, 'என்னங்க' இல்லை. கடை. கடைசிவரை எட்டியும் பார்க்காத கடை.

போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தி வைத்தார். மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளையிடம், "அந்தச் செய்தியை நிறுத்திடலாமா?" என்று கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் அவர் சொன்ன முதல் மறுப்பு அது.

"ஏன் மாமா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல மாப்பிள்ளை. பதில் வராத இடத்துக்கெல்லாம் போகுது."

மாப்பிள்ளை நல்ல மனுஷர். மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் செய்தியை நிறுத்தினார். ஆனால் நல்ல மனுஷர்களுக்கு அடுத்த யோசனை உடனே வந்துவிடும். அதுதான் அவர்களிடம் உள்ள தொல்லை.

"உத்தரவாதம் குடுப்போம் மாமா! இங்க கழுவின கார் ஒரு வாரத்துக்குள்ள அழுக்கானா மறுபடி இலவசமாக் கழுவித் தருவோம். இப்பத்தான் கார் அழுக்காகறதே இல்லையே? உங்களுக்கு என்ன நஷ்டம்? நம்பி வருவாங்க. வந்து பழகிடுவாங்க."

முதலாளி யோசித்துப் பார்த்தார். முதல் முறையாக மாப்பிள்ளை சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. பெரிய துணியில் எழுதிக் கட்டினார்கள். அலுவலகக் கட்டடத்திலிருந்து இருபது பேர் வந்தார்கள். பல் டாக்டர் வந்தார். கணக்கு வாத்தியார் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நுரை வெகு நாளைக்குப் பிறகு நுரைக்குள் காணாமல் போனான். முதலாளி அன்றைக்கு நிமிர்ந்து நடந்தார். மகளைக் கூப்பிட்டு, "இருபது!" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

அது என்ன கோபமோ, விட்டு விட்டு ஒரு வாரம் பெய்தது. ரோடெல்லாம் சேறு. காலையில் கடையைத் திறக்கும் முன்பே வரிசை நின்றது. எல்லாரும் இலவசம். கழுவிக்கொண்டு போனவர்கள் தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி ஏறி, அங்கிருந்தே திரும்பி வந்தார்கள்.

"பாத்தீங்களா மாமா! மறுபடி மறுபடி வர்றாங்க!" என்று மாப்பிள்ளை தொலைபேசியில் கூவினார்.

"வர்றாங்க மாப்பிள்ளை."

ஷாம்பு தீர்ந்தது. நுரை துணி சோப்பைக் கரைத்துப் போட்டான். துணி சோப்பும் தீர்ந்தது. நுரையின் உள்ளங்கை ஊறி, வெளுத்து, தோல் உரிய ஆரம்பித்தது. கடைசி நாள், வானத்தில் அத்தனை தண்ணீர் இருக்க, தொட்டியில் தண்ணீர் தீர்ந்து பம்ப்பு வெறும் காற்றை இழுத்துக் கதறியது. புகை வந்தது. நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"உத்தரவாதம்னு போட்டிருக்கு இல்ல?" என்றார் கணக்கு வாத்தியார்.

முதலாளி மழையில் நனைந்தபடி ஒவ்வொரு காராகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்குங்க. முடியல." கண்ணாடியை இறக்காமலே சிலர் போனார்கள். பல் டாக்டர் மட்டும் இறக்கி, "உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். அதைக் கேட்டதும்தான் அவர் கும்பிடுவதை நிறுத்தினார். நுரை அவரைக் கூட்டிப்போய், கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார வைத்தான்.

"போதும்டா" என்றார்.

"மழை விட்டுடும் முதலாளி."

"விட்டப்புறம்? காரெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கும். போதும்டா. நம்மகிட்ட ஏதோ ஒண்ணு கொறையுது. என்னன்னுதான் தெரியல."

மாதம் முடிந்தது. மகள் லீவு போட்டுவிட்டு, விடிந்ததுமே கடைக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எதற்கோ கோபப்பட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. "ஈரச் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கறீங்களே" என்று கோபப்பட்டாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "என் யோசனையாலதான் மாமா..." என்று ஆரம்பித்தார்.

"சேச்சே, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நீங்க என் கூடவே நின்னீங்க. அது போதும் மாப்பிள்ளை."

அதை அவர் மரியாதைக்குச் சொல்லவில்லை.

நுரை ஏணியில் ஏறிப் பெயர்ப் பலகையைக் கழற்ற ஆரம்பித்தான். துருப்பிடித்த ஆணி ஒவ்வொன்றும் வரமாட்டேன் என்று முனகியது. மழை விட்டிருந்தது. தெரு கழுவி விட்டதுபோல இருந்தது. இனி வரப்போகும் பகல்களை நினைத்துக்கொண்டு முதலாளி பூட்டைக் கையில் வைத்திருந்தார்.

எதிர் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் இரவுக் காவல் பார்க்கிறவர், வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். இவர் கடை திறக்கும் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டிருப்பார்; அதனால் இருவருக்கும் பேச்சு வார்த்தை இருந்ததில்லை. இன்றைக்கு அவர் பலகை இறங்குவதைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிச் சாலையைத் தாண்டி வந்தார்.

"கடையை மூடறீங்களாய்யா?"

"ஆமாப்பா."

அவர் தயங்கினார். தொப்பியைக் கழற்றினார். "என்னாலதான்யா."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. "உன்னாலயா? எல்லாரும் இன்னிக்கு இதையே சொல்றீங்க. உன்கிட்ட காரே இல்லியேப்பா, சைக்கிள்தானே?"

"அந்தம்மா வராம நின்னப்புறம் நானாவது போட்டிருக்கணும். மேனேஜர் திட்டுவாருன்னு பயந்துக்கிட்டு விட்டுட்டேன்."

"என்னத்தைப் போட்டிருக்கணும்?"

"தானியம்யா. புறாவுக்கு."

ஏணியில் நுரையின் சுத்தியல் நின்றது.

"வெளிய சொல்லாதப்பான்னு சொல்லியிருந்தாங்க, அதான் இத்தனை நாள்... தினம் விடியற நேரம் வருவாங்கய்யா. நிழலுக்காக எல்லாரும் வண்டி விடற மரம் இருக்குது பாருங்க, சரியா அதுக்குக் கீழதான் இறைப்பாங்க. தள்ளி ஒரு பிடி போட மாட்டாங்க. அந்த மரத்துல எலை தெரியாம புறா உக்காந்திருக்கும். அப்புறம் கார் கூரை என்னத்துக்கு ஆகும்? உங்களுக்குத் தெரியாததா? இப்ப ரொம்ப நாளா அவங்களைக் காணோம், என்ன ஏதுன்னு யார்கிட்டயும் கேக்கவும் முடியல. புறாவெல்லாம் போயிடுச்சு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒரு நாள் சண்டைக்கே போயிட்டேன். 'புண்ணியம் தேடணும்னா வேற எங்கயாவது போய்த் தேடுங்கம்மா, இங்க வண்டியெல்லாம் நாசமாப் போகுது'ன்னு கத்திட்டேன்."

"அதுக்கு... அதுக்கு என்ன சொன்னாங்க?" என்றார் முதலாளி.

"சிரிச்சாங்கய்யா. 'கோவிச்சுக்காதப்பா, எதிர்க் கடைக்காரர் என் வீட்டுக்காரர். வண்டி வராத அன்னிக்கு அவருக்குச் சாப்பாடே இறங்காது'ன்னாங்க."